அஞ்சாவது புரை

மக்கா,

உனக்கு எழுதும் கடிதத்தில் 'இங்கு எல்லாரும் சுகம்' என்று ஆரம்பித்து ஆரம்பித்துப் பழகிவிட்ட கை இது. நீ பம்பாய்க்குப் போன ஆறு வருஷமாக மாசம் தவறாமல் அந்த வரியை எழுதியிருக்கிறேன். உன் அம்மை போன பிறகு எழுதிய முதல் கடிதத்தில்கூட பழக்க தோஷத்தில் அதையே எழுதிவிட்டு, அப்புறம் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் எடுத்தேன். இன்றைக்கு அந்த வரி வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், வேலைக்குப் போகும் அவசரத்தில் பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தை கடைசியில் முகூர்த்தம் வைத்தது உனக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் என்னை இந்தப் பேனாவை எடுக்க வைத்தது. நம் விளைத் தோட்டத்தில் அஸ்திவாரம் போட்டபடியே கிடக்கும் அஞ்சாவது புரையை, உனக்கென்று ஒதுக்கிய அந்தத் தனிக் குடியிருப்பை, கல்யாணத்துக்கு முன்னால் கெட்டி முடிக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும். அதுவரைக்கும் புதுப்பெண் அதில் இருக்கட்டும். 'மூத்த அண்ணன் வாசலுக்கு இருபதடி, சின்ன அண்ணன் வாசலுக்கு முப்பதடி, அப்பா இருக்கிறீர்கள், பயப்பட ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அந்த இருபதடியும் முப்பதடியும் நான் சங்கிலி பிடித்து அளந்தவை. மராமத்து இலாகாவில் முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து மடையும் கலுங்கும் பாலமும் கெட்டினவனுக்கு அடிக்கணக்கு மறக்காது. ஆனாலும் உன் அஞ்சாவது புரையை நான் கெட்டித் தரப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்ல வேண்டியது உன் அம்மையைப் பற்றியது. அவள் உறக்கத்தில் போனாள் என்று உனக்குச் சொன்னேன். அது பொய்.

நம் பழைய வீடு உனக்கு மறந்திருக்காது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அத்தனை அறைக்கும் சேர்த்து ஒரே அடுக்களை. மூத்தவனுக்குக் கட்டிவந்த உன் மூத்த மயினி குழித்துறைக்கு அந்தப் பக்கத்துப் பெண், தேங்காயெண்ணெய் இல்லாமல் அவளுக்கு ஒரு கறியும் இறங்காது. சின்ன மயினி ஆரல்வாய்மொழி தாண்டிப் பாண்டிச் சீமையிலிருந்து வந்தவள், நல்லெண்ணெய் விடாத குழம்பை அவள் குழம்பென்றே சொல்லமாட்டாள். உன் அம்மை ஒரே புளிக்கறியை ரெண்டு சட்டியில் வைத்து ரெண்டு எண்ணெயில் தாளித்துக் காலம் தள்ளினாள். ஒரு நாள் கரண்டி மாறிப்போயிற்று. அந்தக் கரண்டியால் பிறந்த சண்டை சோறு, கறி, சொம்பு, கொடிக்கயிறு என்று போய், கடைசியில் உன் அண்ணன்மார் ரெண்டு பேரும் ஒரே வாசலில் ஒருவர் நிற்கும்போது மற்றவர் இறங்காத நிலைக்கு வந்தது. நீ அப்போது இங்கேதான் இருந்தாய். "எனக்குள்ள கறியில என்ன எண்ணெய் அம்மா?" என்று நீ கேட்டதும், "ஒரு எண்ணெயும் இல்ல மக்கா, பச்சைத் தண்ணியில வேவிச்சு வச்சிருக்கேன், தின்னு" என்று அவள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கு எனக்கு உதித்தது ஒரு பெரிய யோசனை. திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்த அதே வருஷத்தில் நான் என் வீட்டைப் பிரித்தேன். ஊரில் மற்றவர்களைப் போல நடுவில் சுவர் வைத்துப் பாகம் பிரிக்க எனக்கு மனசில்லை. பாகம் என்றால் பகை. என் யோசனை வேறு. குடும்பம் ஒன்றுதான், விளை ஒன்றுதான், கிணறு ஒன்றுதான். குடியிருப்பு மட்டும் தனித்தனி. பெரிய வீட்டை இறக்கி, அந்த மரத்தை வைத்து ஐந்து புரை. ஆளுக்கு ஒரு அறை, பின்னால் அடுப்புக்கு ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான். ஒருத்தர் தாளிக்கிற மணம் இன்னொருத்தர் மூக்கில் ஏறாது. ஒரு கூரை பிரிந்தால் ஒரு கூரையைத்தான் வேய வேண்டும். பிள்ளைகள் அழுதால் ஒரு வீடுதான் விழிக்கும். இப்படிப் பதினாலு சௌகரியம் எழுதி வைத்திருந்தேன். நீலத்தாளில் பிளான் வரைந்து உங்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நீகூட "நல்லா இருக்குப்பா" என்றாய். பழைய ஓடு ரெண்டு புரைக்குத்தான் தேறியது. அது உன் அண்ணன்மாருக்கு. எனக்கும் உன் அம்மைக்கும் ஓலை. அஞ்சாவது உன் கல்யாணத்துக்கு என்று நின்றது.

ஆம், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. விடியுமுன் எழுந்து அவள் பாத்திரம் உருட்டுவாள், நான் குறட்டை விடுவேன். விளை வாசலில் வருகிற போகிறவர்களைப் பார்க்க ஒரு ஆண் வேண்டும், கிணற்றங்கரையில் பசுவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பிளானில் அது அவ்வளவு பொருத்தமாக விழுந்தது. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேட்டியளா, கல்யாணம் கெட்டி முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு என்னைய வேற வீட்டுல கொண்டு வைக்கியளா?" என்றாள். நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் பதிலை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள் என்பது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.

ஆசாரி மட்டும் ஒரு விஷயத்தில் இடக்கு பண்ணினார். நாலு வாசலும் நடுவிலுள்ள மாமரத்தைப் பார்த்து இருக்கட்டும் என்றார். "ஒரு வீட்டுல தலை சுத்தி விழுந்தா மத்த வீட்டுல தெரியாண்டாமா ஓவர்சியரே?" என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எதிரும் புதிருமாக வாசல் இருந்தால் யார் வீட்டில் என்ன வாங்கினார்கள், யார் வந்தார்கள், எத்தனை மீன் என்று கண் போகும், கண் போன இடத்தில் வாய் போகும். சண்டைக்கு வேர் பார்வையில்தான் இருக்கிறது என்று அவருக்கே பாடம் எடுத்தேன். ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு திசை. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். உன் அம்மை குடியேறின அன்று ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் புரையிலிருந்து என் புரைக்கு ஒரு கயிறு இழுத்து, நுனியில் பசுவின் கழுத்து மணியைக் கட்டித் தரச் சொன்னாள், விழுந்தால் கிடந்தால் இழுக்கலாம் என்று. "இதென்ன கோயிலா, மணி கெட்டித் தொங்கவிட" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

என் யோசனை தோற்றுப்போயிற்று என்று நினைத்துவிடாதே. ஜெயித்தது, அதுதான் சங்கடம். நீ போன மறு வருஷம் மூத்தவன் பிள்ளைக்கு வைசூரி கண்டது. பெரிய வீடாக இருந்தால் அத்தனை பேருக்கும் பரவியிருக்கும். அந்த ஒரு புரைக்கு வேப்பிலை செருகி, மற்றவர்கள் விலகி இருந்தோம். பிள்ளை பிழைத்தது, வேறு யாருக்கும் ஒரு முத்துகூடப் போடவில்லை. இரணியலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் ஆட்கள் வந்து நம் விளையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தர் பிளானைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். மயினிமார் சண்டை போடுவதை நிறுத்தியே ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. சண்டை நின்றதோடு பேச்சும் நின்றுவிட்டது என்பதை நான் கவனித்தேன், ஆனால் அதையும் லாபத்தில்தான் சேர்த்தேன். அண்ணன் தம்பி முகம் பார்ப்பது தீபாவளிக்கும் ஓணத்துக்கும் என்று ஆனது. ஊரில் மலையாளம், தமிழ் என்று பேச்சு முற்றிக்கொண்டிருந்த காலம். பத்மநாபபுரம் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் மூத்தவன் ஒரு பக்கம் சாய்ந்தான், தக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சின்னவன் இன்னொரு பக்கம். இதைப் பற்றியும் அவர்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அப்புறம் உன் அம்மைக்குக் கண்ணில் புரை விழுந்தது. அதே சமயத்தில்தான் உனக்காக அஞ்சாவது புரைக்கு அஸ்திவாரக் குழி தோண்டிக் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கிணற்றடியில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இளையவனுக்கு அஞ்சாவது புரை கெட்டணுமின்னியளே, அது எனக்க கண்ணுல கெட்டியாச்சு. இனி அங்க கல்லு இறக்காண்டாம்" என்றாள். கொத்தனார் உட்பட எல்லாரும் சிரித்தோம். அந்தக் கல் அப்படியேதான் கிடக்கிறது. கண்ணுக்கு நாகர்கோவிலில் கத்தி வைக்கலாம் என்றார்கள், அவள் பயந்தாள், நானும் வற்புறுத்தவில்லை. அடுப்பில் ரெண்டு தடவை கை வெந்த பிறகு, இனி அவள் சமைக்க வேண்டாம், எங்கள் ரெண்டு பேருக்கும் சாப்பாடு மகன்மார் வீட்டில் முறை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

முறையையும் நான்தான் எழுதினேன். ஒரு மாசம் அவளுக்கு மூத்தவன் வீடு, எனக்குச் சின்னவன் வீடு. அடுத்த மாசம் மாறும். அவளுக்குக் கண் தெரியாததால் தூக்குச்சட்டியில் அவள் புரைக்கே கொண்டு வைக்க வேண்டும். நான் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். காலையில் காப்பி எப்போது, எண்ணெய் எது, வெந்நீர் யார் வைப்பது, விரதநாளில் என்ன, பசுவுக்குக் கழனித்தண்ணீர் யார் வீட்டிலிருந்து, எல்லாம் வரிசை எண் போட்டு எழுதி ரெண்டு வீட்டுச் சுவரிலும் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். 'ஒன்றாம் தேதி காலை முதல் முறை மாற வேண்டியது' என்று ஒரு வரி. ஒரு மடைக்கு எத்தனை கல் என்று ஒரு கல் பிசகாமல் எழுதினவன், எந்த ஒன்றாம் தேதி என்று எழுத மறந்துவிட்டேன்.

நீ வெளியூரில் இங்கிலீஷ் மாசத்தில் பிழைப்பவன், அதனால் சொல்கிறேன். மூத்தவன் வீட்டுச் சுவரில் மலையாளக் கலண்டர். சின்னவன் கடையிலும் வீட்டிலும் நாள்தோறும் கிழிக்கிற தமிழ்க் கலண்டர். கன்னி என்பதும் புரட்டாசி என்பதும் ஒரே மாசம், துலாம் என்பதும் ஐப்பசி என்பதும் ஒன்றேதான். ரெண்டும் ஒரே நாளில் பிறக்கும் என்றுதான் நானும் அறுபத்து மூன்று வயசு வரைக்கும் நினைத்திருந்தேன். அநேகமாக ஒரே நாளில்தான் பிறக்கும். ஆனால் சில மாசத்தில் தமிழுக்கு இன்று பிறந்தால் மலையாளத்துக்கு நாளைக்குப் பிறக்கும். முறை ஆரம்பித்தது ஆவணியில். புரட்டாசிக்கு மாறியதில் ஒரு குழப்பமும் இல்லை. புரட்டாசியில் அவள் சின்னவன் முறை, நான் மூத்தவன் முறை. அடுத்த மாசப் பிறப்பில் நாங்கள் மாற வேண்டும்.

அன்றைக்கு விடாத மழை. உச்சிப்பொழுதில் குடை பிடித்து மூத்தவன் வீட்டுக்குப் போனேன். மயினி இலை போட்டிருந்தாள். எரிசேரி, பப்படம், மீன் வறுவல். "நாளைக்கு நீங்க அங்க போயிருவியள்லா, அதாக்கும் மீன் பொரிச்சது" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மைக்குக் கொடுத்தாச்சா?" என்று கேட்டேன். கேட்டேன் மக்கா, அதை நான் மறைக்கவில்லை, மறந்ததும் இல்லை. "மாமிக்கு நாளைக்குத்தானே இங்க. இன்னைக்கு அந்த வீட்டுலயாக்கும்" என்றாள். சரி என்று கை கழுவிவிட்டு என் புரைக்கு வந்தேன். ரெண்டு மணிக்குக் கடை அடைத்து வந்த சின்னவன் வாசலில் நின்று கூப்பிட்டான். "அப்பா, ஒண்ணாந்தேதில்லா, பாயாசம் வச்சு இலை போட்டிருக்கு, வாங்க." நான் சிரித்துக்கொண்டேன். மகன்மார் என்னைப் போட்டி போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். வயிற்றில் இடம் இல்லாமல் இருந்தும் போனேன். அங்கேயும் கேட்டேன், பழக்கத்தில் வாய் கேட்டது. "அத்தைக்கு இன்னையிலேர்ந்து மூத்தவங்க வீடுல்லா மாமா" என்று சொல்லிக்கொண்டே சின்ன மயினி பாயாசத்தை ஊற்றினாள். நான் குடித்தேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த ரெண்டு பதிலையும் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். மூத்தவளுக்குச் சின்னவள் சொன்னது தெரியாது, சின்னவளுக்கு மூத்தவள் சொன்னது தெரியாது, அவர்கள் வாசலை நான்தான் வேறு வேறு பக்கமாகத் திருப்பி வைத்தேனே. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஓவர்சியர் மூளை தேவையில்லை. எனக்கு ரெண்டு இலை விழுந்தால் அவளுக்கு எத்தனை விழுந்திருக்கும் என்று ஒரு பச்சைப்பிள்ளை சொல்லிவிடும். நான் நிறைந்த வயிற்றோடு வந்து பாயை விரித்துப் படுத்தேன். கிணற்றடியில் இருக்கும் அவள் புரைக்கு என் புரையிலிருந்து நாற்பதடி. மழை என்று போகவில்லை.

மறுநாள் மூத்தவளுக்குத் துலாம் ஒன்று. விடிந்ததும் காப்பி கொண்டு போனவள் தூக்குச்சட்டியை நடுவழியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். உன் அம்மை சாய்ப்பில், அடுப்புக்கு முன்னால் ஒருச்சாய்ந்து கிடந்தாள். சட்டியில் ஒரு பிடி அரிசி நனைந்து ஊறிக் கிடந்தது. தீப்பெட்டியில் ஒரு குச்சி பாக்கி இல்லை, எல்லாம் நமுத்துத் தலை உதிர்ந்து அவளைச் சுற்றிக் கிடந்தன. காலையிலிருந்து காப்பியும் வராமல் சோறும் வராமல், மழையால் தாமதம் என்று நினைத்துக் காத்திருந்து, அப்புறம் தானே கஞ்சி வைக்கப் பார்த்திருக்கிறாள். ஒருத்தரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த மழையில் கேட்டிருக்காது, இருந்தாலும் அவள் கூப்பிட்டிருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன். முறை தப்பினவள் மருமகள் என்று பேர் வந்துவிடுமே என்று பார்த்திருப்பாள். நெற்றி அடுப்புக்கல்லில் பட்டிருந்தது. வைத்தியர் வந்து கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "சாமத்துக்கு மேலயும் உயிர் இருந்திருக்கு ஓவர்சியரே" என்றார். அதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. நீ திருநெல்வேலியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேரும்போது சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்படாமப் போனாளே, அது போதும்பா" என்றாய். நானும் ஆம் என்று தலையாட்டினேன்.

பதினாறு கழிந்து இரணியலில் ஒரு ஜோசியரிடம் போய்க் கேட்டேன். சூரியன் ராசி மாறுகிற நேரம் சாயங்காலத்துக்கு முந்தி வந்தால் தமிழுக்கு அன்றைக்கே மாசம் பிறந்துவிடும், மலையாளத்துக்கு உச்சி சாய்ந்து கொஞ்ச நேரம் வரைக்கும்தான் கணக்கு, அதற்குப் பிந்தினால் மறுநாள்தான் என்று விளக்கினார். ரெண்டு நாழிகைப் பிசகு. "ரெண்டும் சரிதான், ஆளுக்கொரு வழக்கம்" என்று சொல்லி வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து ரெண்டு கலண்டரும் வாங்கி என் புரையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். அப்போதே உன் அண்ணன்மாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் மூத்தவன், அன்றைக்கு அம்மை தம்பி பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு அவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறான். சின்னவன், அண்ணன் பெண்டாட்டி பட்டினி போட்டுக் கொன்றாள் என்று கடையில் வருகிறவர்களிடம் ஜாடையாகச் சொல்கிறான். ரெண்டு பேரும் தப்பு செய்யவில்லை என்று ஒரே வார்த்தையில் நான் தீர்த்து வைக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் ரெண்டு இலைச் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்தால் என் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெறுக்க ஒரு வருஷமாக விட்டுவைத்திருக்கிறேன். உன் அப்பன் இப்பேர்ப்பட்டவன், தெரிந்துகொள்.

இன்னொன்றும் செய்தேன். இந்த வருஷம் ஆடி பிறக்கும்போது ரெண்டு கலண்டரும் மறுபடி ஒரு நாள் விலகி நின்றன. அந்தத் தடவை நான் சின்னவன் முறை முடித்து மூத்தவன் முறைக்குப் போக வேண்டியவன், அதாவது உன் அம்மை நின்ற இடத்தில் நான். யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே அவள் புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கட்டிலில் படுத்துவிட்டேன். யாராவது தேடுகிறார்களா பார்ப்போம் என்று. பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். நான் என் புரையில் இல்லையென்று கண்டு சின்ன மயினியிடம் கேட்டார். "மாமா மூத்தவங்க வீட்டுல இருப்பாவ" என்றாள். அவர் சுற்றிக்கொண்டு போய் மூத்த மயினியிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "அவிய அந்த வீட்டுலயாக்கும்" என்றாள். அவர் கடுதாசியை என் வாசல்படியில் வைத்துக் கல்லைப் பாரமாக வைத்துவிட்டுப் போனார். அது உன் கடிதம். 'அண்ணன்மார் பக்கத்தில் இருப்பதால் உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை' என்று அதில் எழுதியிருந்தாய். அந்தியில் எழுந்து கிணற்றில் ஒரு தோண்டித் தண்ணீர் இறைத்துக் குடித்தேன். மறுநாள் மூத்த மயினி இலை போட்டுக்கொண்டே, "நேத்து அங்க என்ன கறி மாமா?" என்று ஆசையாகக் கேட்டாள். சாம்பார் என்றேன்.

அவள் கெட்டவள் இல்லை மக்கா. சின்னவளும் கெட்டவள் இல்லை. உன் அம்மைக்குப் பசி என்று தெரிந்திருந்தால் ரெண்டு பேரும் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு ஓடியிருப்பார்கள். பழைய வீட்டில் அந்தக் கரண்டிச் சண்டை நடந்த நாளில்கூட யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டு முகம் திருப்பிப் படுத்தவனைக்கூட ஒருத்தி காலால் தட்டி, சோறு ஆறுது எழும்பு என்று வைதுகொண்டே எழுப்புவாள். அந்த வசவு எனக்கு நாராசமாக இருந்தது. அதைக் கேட்கக் கூடாது என்றுதான் அத்தனை மரத்தையும் இறக்கி அறுத்தேன். நான் எழுதிய பதினாலு சௌகரியத்தில் ஒவ்வொன்றும் இன்றைக்கும் உண்மைதான், ஒன்றைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை. பிரதி எடுத்துப் போனவர் வீட்டில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

இனி உன் காரியம். நீ கட்டப் போகும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு. இந்த விளையில் அவள் வாசல் எந்தத் திசை என்று என் பிளானில் ஏற்கெனவே இருக்கிறது, பின்பக்கம், தோப்பைப் பார்த்து. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மூத்தவள் சின்னவள் பார்ப்பாள் என்று நினைப்பாள், சின்னவள் மூத்தவளை நினைப்பாள், நான் ரெண்டு பேரையும் நினைப்பேன், நீ பம்பாயில் எங்கள் மூன்று பேரையும் நினைத்து நிம்மதியாகத் தூங்குவாய். அவளுக்கு இங்கே எல்லாரும் பக்கத்தில் இருப்பார்கள். வேண்டாம். அவளை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் ஒரே அறையில் இரு. நீ சொல்வாயே, ஒரு குழாயில் பத்து வீட்டுக்காரர் வரிசை நிற்கிற இடம் என்று, அங்கேயே வை. சண்டை வரும், வரட்டும். கல்யாணமே வேண்டாம் என்று நீ கோபித்தாலும் சரி, இந்தக் கல்லுக்கு மேலே நான் ஒரு கல் வைக்கமாட்டேன்.

இதை எழுதின கையோடு உன் அண்ணன்மாரையும் இன்று அந்தியில் மாமரத்தடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். உனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்லப் போகிறேன். அப்புறம் எனக்கு எந்த வீட்டில் இலை விழும், விழுமா என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். இந்த ஐப்பசியில் நம் ஊர் மதராஸ் ராஜ்யம் ஆகிவிட்டது. இனி எல்லாருக்கும் ஒரே கலண்டர்தான் என்று கடைத்தெருவில் சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாசி பிறக்கும்போது ரெண்டு கலண்டரும் மறுபடி ஒரு நாள் விலகுகின்றன, பார்த்துவிட்டேன். உன் கல்யாணம் கழிந்து நாலாம் நாள் அது. அன்றைக்கு நான் மூத்தவன் முறையிலிருந்து சின்னவன் முறைக்குப் போகிறவன், அதாவது போன வருஷம் ஐப்பசியைப் போலவே ரெண்டு வீட்டிலும் எனக்கு இலை விழும். நான் ரெண்டுக்கும் போகமாட்டேன். அன்றைக்கு மட்டும் நீங்கள் ரெண்டு பேரும் புறப்படாமல் இருங்கள். அஞ்சாவது புரையின் அந்த வெறும் கல்லில் மூன்றை எடுத்து அடுப்புக் கூட்டி, உன் பெண்டாட்டியைக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சச் சொல். தீப்பெட்டி நான் கொண்டு வருகிறேன். முதலில் உன் அம்மைக்கு ஒரு இலையில் வை. அப்புறம் எனக்கு ஒன்று. எனக்கு ஒன்று போதும் மக்கா, மறந்தும் ரெண்டாவது தடவை ஊற்றிவிடாதே.

உன் அப்பன்.